ஊவா மலைப்பாதைகளில் வண்டியின் அகலமும் உயரமும்: பூனாகலைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாறு பெரும்பாலும் பயிரின் வரலாறாகவும் மூலதனத்தின் வரலாறாகவும் தொழிலாளர் குடிபெயர்வின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கோப்பியும் தேயிலையும் எவ்வாறு மலையிலிருந்து துறைமுகத்தை அடைந்தன என்பதை விளக்குமிடத்து வீதிகளும் புகையிரதப் பாதையும் இடம்பெறுவதுண்டு. ஆயினும், அப்பாதைகளில் ஓடிய வண்டிகள் எத்தகைய வடிவின, அவற்றிலே பாரம் எவ்வளவு உயரத்தில் ஏற்றப்பட்டது, அவற்றின் சில்லுகள் எவ்வளவு இடைவெளியில் நின்றன என்னும் வினாக்கள் பொறியியலாளருக்குரியவை என ஒதுக்கப்பட்டுவிட்டன. அவை வரலாற்று மாணவனுக்கும் உரியவை என்பதையும், மலைச்சரிவிலே ஒரு வண்டி நிற்பதும் கவிழ்வதும் அப்பாதை எதனைச் சுமப்பதற்காக வெட்டப்பட்டது என்பதோடு தொடர்புடையன என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூனாகலை, பதுளை மாவட்டத்தில் பண்டாரவளைக்குத் தெற்கே, மத்திய மலைத்தொகுதி தென்புறச் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் விளிம்பில் அமைந்த தோட்டப் பகுதியாகும். வடக்கே பண்டாரவளைப் புகையிரத நிலையம், தெற்கே சரிவின் கீழே கொஸ்லந்தை, மேற்கே தம்பேதன்னை. பண்டாரவளையிலிருந்து பூனாகலையூடாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் பாதை ஒருபுறம் மலையையும் மறுபுறம் பள்ளத்தையும் கொண்டது. அதிலிருந்து பிரிந்து தோட்டப் பிரிவுகளுக்கும் லயங்களுக்கும் செல்லும் கிளைப்பாதைகள் பல இடங்களில் கல்லும் மண்ணுமாகவே உள்ளன. வண்டியின் உறுதிநிலை பற்றிய ஆய்வுக்கு இதனினும் பொருத்தமான களத்தைக் காண்பது அரிது.

உறுதிநிலை பற்றிய அடிப்படை

ஒரு வண்டி பக்கவாட்டில் எப்போது கவிழும் என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடைப்பட்ட தூரம். மற்றையது, வண்டியினதும் அதன் பாரத்தினதும் புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து நிற்கும் உயரம். வண்டி சரிவில் நிற்கையில் புவியீர்ப்பு மையத்திலிருந்து நேரே கீழ்நோக்கி வரையப்படும் கோடு இரு சில்லுகளுக்கும் இடையே விழும்வரை வண்டி நிற்கும். தாழ்ந்த பக்கச் சில்லுக்கு வெளியே விழுமாயின் கவிழும். எனவே சில்லிடைத் தூரத்தின் அரைப்பங்கைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வரும் எண்ணே வண்டியின் உறுதிநிலைக்கு அளவாகின்றது. அவ்வெண் ஒன்றாயின் வண்டி 45 பாகைச் சரிவு வரை தாங்கும். அரையாயின் ஏறத்தாழ 27 பாகையில் கவிழும்.

ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களிலிருந்து இவ்வெண்ணைக் கொண்டே வாகனங்களின் கவிழும் தன்மையைத் தரப்படுத்தி வெளியிடத் தொடங்கியது. சாதாரண கார்களுக்கு இவ்வெண் 1.3க்கும் 1.5க்கும் இடைப்பட்டிருக்க, கரடுமுரடான பாதைகளுக்கென உயர்த்திக் கட்டப்பட்ட வாகனங்களுக்கு அது பெரும்பாலும் 1.0க்கும் 1.3க்கும் இடைப்பட்டதாயிருந்தது. கற்பாதையில் ஓடுவதற்கு வண்டியின் அடிப்பகுதி உயர்ந்திருக்க வேண்டும்; உயர்த்தினாலோ உறுதிநிலை குறையும். அகலத்தைக் கூட்டி அக்குறையை ஈடுசெய்யலாமெனின், ஒடுங்கிய மலைப்பாதையில் வெளிப்புறச் சில்லு பள்ளத்தின் விளிம்பை நெருங்கும். மழையில் ஊறிய விளிம்பு மண் அப்பாரத்தைத் தாங்காது. ஆகவே உயரத்தைக் குறைக்கக் கல் விடாது. அகலத்தைக் கூட்டப் பாதை விடாது. மலைநாட்டு வண்டிகளின் வரலாறு இவ்விரு தடைகளுக்கும் இடையே நிகழ்ந்த ஒன்றாகும்.

தவளமும் கரத்தையும்

கண்டி இராச்சிய காலத்தில் ஊவாவின் வணிகம் தவளங்களின் மூலமே நடைபெற்றது. பொதிமாடுகள் வரிசையாகச் செல்லும் கூட்டமே தவளம் எனப்பட்டது. உப்பும் துணியும் மலைக்கு ஏறின. பாக்கு முதலியன இறங்கின. பொதிமாட்டின் முதுகின் இருபுறமும் சம எடையுள்ள மூடைகள் தொங்கவிடப்பட்டன. பாரம் முதுகின்மேல் உயர்ந்து நில்லாது விலாப்புறமாகத் தாழ்ந்து தொங்கியமையால், ஒடுங்கிய ஒற்றையடிப் பாதையிலும் மாடு தடுமாறாது சென்றது. சில்லில்லாத அவ்வமைப்பிலே உறுதிநிலையின் விதி அனுபவத்தால் அறியப்பட்டிருந்தமை நோக்கற்பாலது.

1815ஆம் ஆண்டில் கண்டி ஆங்கிலேயர் வசமானதும், 1817–18ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டதும், வீதியமைப்பு ஆட்சியின் முதன்மைப் பணியாயிற்று. தேசாதிபதி எட்வேர்ட் பாண்ஸ் காலத்திலும் அதன் பின்னரும் தோமஸ் ஸ்கின்னர் போன்ற அதிகாரிகளின் முயற்சியால் மலைநாட்டு வீதிகள் விரிந்தன. முதலிற் படையினருக்காகவும் பின்னர் கோப்பிக்காகவும் அவை வெட்டப்பட்டன. தவளப் பாதையின் இடத்தைக் கரத்தைப் பாதை பிடித்தது. மாட்டுக் கரத்தையின் பெரிய சில்லுகள் கல்லையும் குழியையும் எளிதிற் கடந்தன. ஆனால் பாரம் அச்சின்மேல் ஏற்றப்பட்டதால் புவியீர்ப்பு மையமும் உயர்ந்தது. அக்குறையை ஈடுசெய்தது மாட்டின் மெதுநடையே. பாதையின் அகலமும் வளைவும் அந்நடைக்கும் அக்கரத்தைக்கும் ஏற்பவே அமைந்தன.

இக்காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் எவ்வாறு மலையை அடைந்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அவர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தனர். அரிசி கரத்தையில் ஏறியது, கோப்பி கரத்தையில் இறங்கியது, மனிதர் நடந்தனர். கரத்தைப் பாதை எட்டாத தோட்டங்களிலிருந்து கோப்பி மூடைகளைத் தலைச்சுமையாக இறக்கியோரும் அவர்களே. பாதையின் அளவுகள் தீர்மானிக்கப்பட்ட காலத்தில் அப்பாதையில் ஏற்றப்படவேண்டிய பாரமாக அவர்கள் கருதப்படவில்லை. பிற்கால நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது.

புகையிரதமும் கம்பிவழியும்

1869இல் காணப்பட்ட இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. 1867இல் கண்டியை அடைந்த புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. இப்பாதையின் தண்டவாள இடைவெளி ஐந்தடி ஆறு அங்குலமாகும். மலையேறும் பாதைக்கு ஒடுங்கிய தண்டவாளமே மலிவானது. கூர்மையான வளைவுகளிலும் அதனை எளிதில் அமைக்கலாம். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவூடாக இராகலைக்குச் சென்ற கிளைப்பாதை அவ்வாறே இரண்டடி ஆறங்குல இடைவெளியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர் மூடப்பட்டது. அகன்ற தண்டவாளம் பதுளை வரை கொண்டுசெல்லப்பட்டதால் ஊவாவின் தேயிலைப் பெட்டிகள் இடையில் வண்டி மாறாது கொழும்பை அடைய முடிந்தது.

ஆயினும் தோட்டத்துக்கும் புகையிரத நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம் எஞ்சியிருந்தது. 1890இல் தம்பேதன்னையை வாங்கிய தோமஸ் லிப்டனும் ஏனைய தோட்ட உரிமையாளரும் செங்குத்தான சரிவுகளில் கம்பிவழியைக் கையாண்டனர். மேல்மலையிற் பறிக்கப்பட்ட கொழுந்து சாக்கில் கட்டப்பட்டுக் கம்பியிற் கொளுவப்பட்டு ஆலைக்கு வழுக்கி இறங்கியது. சில்லும் பாதையும் இல்லாத கம்பிவழியில் கவிழ்வென்பதே இல்லை. கொழுந்துக்கு இத்தகைய பாதுகாப்பான வழி கண்டறியப்பட்ட அதே சரிவில், அதனைப் பறித்தோர் குறுக்குப் பாதைகளில் ஏறியிறங்கினர்.

ஜீப்பும் லொறியும்

மோட்டார் லொறி வந்தபோது கரத்தைப் பாதையே அதற்கும் பாதையாயிற்று. வளைவுகள் அவையே, விளிம்புகளும் அவையே. வேகம் மட்டும் மாறியது. வளைவிற் செல்லும் வண்டியை வெளிப்புறமாகத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு பெருகும். பத்து மீற்றர் ஆரையுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் எழும் பக்கவிசை எடையின் மூன்றில் ஒரு பங்களவானது. 30 கிலோமீற்றரில் அது பத்தில் ஏழு பங்காகின்றது. வண்டியின் உறுதிநிலை எண் இதனினும் குறைவாயின் அது கவிழும். உலர்ந்த வீதியில் டயரின் பிடிப்பு ஏறத்தாழ இதே அளவினதாதலால், தாழ்ந்த கார் கவிழுமுன் சறுக்கும். உயர்ந்த பாரமேற்றிய வண்டி சறுக்குமுன் கவிழும். சறுக்கும் வண்டியைச் சாரதி சிலவேளை மீட்கலாம். கவிழத் தொடங்கிய வண்டியை மீட்டல் அரிது.

இரண்டாம் உலகப் போர் இப்பிரச்சினைக்கு ஒரு புதிய விடையைக் கொணர்ந்தது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைக்கு மாற்றப்பட்டபோது ஜீப் வண்டிகள் மலைநாட்டுப் பாதைகளில் ஓடின. வில்லிஸ் ஜீப்பின் மொத்த அகலம் 62 அங்குலம். சில்லிடைத் தூரம் 49 அங்குலம். முன்பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 80 அங்குலம். 1948இல் வெளிவந்த லாண்ட்றோவரும் அதே 80 அங்குல அச்சிடைத் தூரத்தையே கொண்டிருந்தது. ஒடுங்கிய பாதைக்கேற்ப அகலம் சிறிது. கல்லுக்கேற்ப அடிப்பகுதி உயர்ந்தது. ஆனால் கதவும் கூரையும் இலேசானவை, இயந்திரமும் இருக்கையும் தாழ்ந்தவை. அகலத்தைக் கூட்ட முடியாத இடத்தில் எடையைத் தாழ்த்தி உறுதிநிலை பேணப்பட்டது. தோட்டத் துரைமாரின் வாகனமாக அது நிலைபெற்றமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணம் எனலாம். துரை சென்ற வண்டியில் மனிதர் தாழ்வாக அமர்ந்து சென்றனர். தொழிலாளர் ஏற்றப்பட்ட வண்டியின் நிலை வேறு.

மனிதர் பாரமானபோது

1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. தோட்டப் பகுதிகளுக்கும் பஸ் வந்தது. இலண்டனிற் பாவிக்கப்பட்ட இரட்டைத்தட்டு பஸ்களையும் சபை வாங்கிக் கொழும்பு வீதிகளில் ஓடவிட்டது. அவ்வாறான பஸ்கள் மேற்தட்டில் பயணிகளின் எடை ஏற்றப்பட்ட நிலையில் 28 பாகை சாய்த்தும் கவிழாதிருக்க வேண்டும் என்பது பிரித்தானிய விதி; ஒற்றைத்தட்டு பஸ்ஸுக்கு அது 35 பாகை. உயரமான பஸ்ஸின் அடிப்பகுதியிற் கனத்த இயந்திரத்தையும் சட்டகத்தையும் வைத்து அவ்விதி நிறைவேற்றப்பட்டது. அந்த 28 பாகையை நினைவிற் கொண்டு தோட்டப் பாதைக்குத் திரும்புதல் தகும்.

பஸ் செல்லாத பிரிவுகளிலிருந்து வேலைக்கும் மருத்துவமனைக்கும் திருவிழாவுக்கும் மனிதரை ஏற்றிச் சென்றவை கொழுந்து லொறியும் உழவு இயந்திரப் பெட்டியுமே. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோதும், 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் இவ்வழக்கம் முற்றாக நீங்கவில்லை.

இதன் விளைவைக் கணக்கால் விளக்கலாம். சில்லிடைத் தூரம் ஒன்றரை மீற்றரும், ஆயிரம் கிலோகிராம் எடையும், நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத் தட்டும் கொண்ட ஓர் உழவு இயந்திரப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் சொந்தப் புவியீர்ப்பு மையம் 0.7 மீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொண்டால், வெறுமையாக அது 47 பாகைச் சரிவு வரை தாங்கும். அதிலே 1500 கிலோகிராம் உரமூடைகளை அரை மீற்றர் உயரத்துக்குப் பரப்பினால் எல்லை 36 பாகையாகும். மூடைகளை இறக்கிவிட்டு, சராசரி ஐம்பது கிலோகிராம் எடையுள்ள முப்பது பேரைத் தட்டிலே அமர்த்தினால் எல்லை ஏறத்தாழ 34 பாகை. அதே முப்பது பேரும் எழுந்து நின்றால் எல்லை 28 பாகைக்கு இறங்கிவிடும். எடை ஒன்றே, பெட்டி ஒன்றே, பாரம் நின்ற உயரம் மட்டுமே வேறு.

இலண்டனிலே மேற்தட்டில் ஆட்களை ஏற்றிய பஸ்ஸுக்கு விதிக்கப்பட்ட ஆகக்குறைந்த எல்லைக்குச் சமமான நிலையில் இப்பெட்டி வந்து நிற்கின்றது. ஆனால் இலண்டன் பஸ் ஓடியது தார் வீதியில். தோட்டப் பாதையில் ஒருபக்கச் சில்லு முப்பது சென்ரிமீற்றர் ஆழமான குழியில் இறங்கினால் ஒன்றரை மீற்றர் அகலப் பெட்டி 11 பாகைக்கு மேல் சாய்ந்துவிடும். பாதையே பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருப்பின் அதுவும் சேரும். நிற்பவர்கள் சாயும் பக்கத்துக்குத் தாமும் சாய்வர். உரமூடை அவ்வாறு நகர்வதில்லை. வளைவிலே மேற்கூறிய பத்து மீற்றர் ஆரைக்கு, மூடையேற்றிய பெட்டி மணிக்கு 30 கிலோமீற்றர் வரை தாங்க, நிற்போரை ஏற்றிய பெட்டி சமதளத்திலேயே 26 கிலோமீற்றரில் கவிழும். ஆகவே மூடைகளோடு பல்லாண்டு அப்பாதையில் ஓடிப் பழகிய சாரதியின் அனுபவம் மனிதரை ஏற்றிய நாளில் அவரைக் காக்காது போகலாம். நேற்று கடந்த வளைவே இன்று கவிழ்க்கும் வளைவாகின்றது.

1980களிலிருந்து பெருகிய முச்சக்கர வண்டி தோட்டப் பாதைகளில் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியுள்ளது. அதன் ஒடுங்கிய அகலம் லயத்து வாசல் வரை செல்ல இடமளிக்கின்றது. எனினும் முன்புறம் ஒரே சில்லைக் கொண்டமையால் அதன் தாங்குதளம் முக்கோண வடிவினது. முன்னோக்கிப் போகப் போகத் தளம் ஒடுங்குவதால், இறக்கத்தில் தடுப்பை அழுத்தியபடியே வளைவைத் திருப்பும்போது எடை முன்னே சாய்ந்து உறுதிநிலை மிகவும் குறைகின்றது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றும்போது இக்குறை மேலும் பெருகும்.

விபத்துகள் உணர்த்துவன

அண்மைக்கால நிகழ்ச்சிகள் சில இவ்வாய்வுக்குத் துணைபுரிகின்றன. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பஸ் ஒன்று பசறைக்கு அருகே பள்ளத்தில் விழுந்து பதினான்கு பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். பாதையில் விழுந்திருந்த பாறை வீதியின் அகலத்தை ஒடுக்கியிருந்த இடத்திலே எதிரே லொறியொன்று வந்தபோது அது நிகழ்ந்தது. வண்டியின் அகலமும் வீதியின் அகலமும் மோதிய இடமாக அதனைக் கருதலாம். 2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகலை நோக்கிச் சென்ற பஸ் கொத்மலையில் கெரண்டி எல்லப் பகுதியில் விழுந்ததில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; அதிலே எழுபதுக்கு மேற்பட்டோர் பயணஞ் செய்திருந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் நிகழ்ந்த விபத்தில் பதினைந்து பேர் மாண்டனர். இவ்விபத்துகளுக்குத் தனித்தனிக் காரணங்கள் உண்டு. யாவற்றையும் உயரம், அகலம் என்னும் இரண்டினுள் அடக்குதல் தவறாகும். எனினும் தடுப்பும் சாரதியும் பிழைக்கும் வேளையில் எஞ்சியிருக்கும் பாதுகாப்பு வண்டியின் உறுதிநிலையும் பாதையின் விளிம்புமே என்பது இவற்றால் தெளிவாகின்றது.

பாதையின் விளிம்போ மலைச்சரிவின் உறுதியைப் பொறுத்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவும், 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் வீடுகளைச் சேதப்படுத்திய மண்சரிவும் இச்சரிவுகள் மழைக்காலத்தில் எந்நிலையை அடைகின்றன என்பதைக் காட்டின. மழையால் நெகிழ்ந்த விளிம்பில் அகன்ற, பாரமான வண்டியின் வெளிச் சில்லு ஏறும்போது, வண்டியின் கணக்கு சரியாயிருந்தாலும் அது நிற்கும் நிலம் சரியாயிருப்பதில்லை.

முடிவுரை

தவளத்தில் பாரம் தாழ்ந்து தொங்கியது. கரத்தையில் உயர்ந்தபோது மெதுநடை அதனைக் காத்தது. புகையிரதம் அகலத்தால் நின்றது. கம்பிவழியில் கொழுந்து கவிழாமல் இறங்கியது. ஜீப்பில் துரை தாழ்வாக அமர்ந்தார். இவ்வாறு ஒவ்வொரு காலத்திலும் மலையின் சரிவுக்கு ஏதோவொரு விடை காணப்பட்டது. அவ்விடை பெரும்பாலும் பண்டத்துக்கும் அதன் உரிமையாளருக்குமே காணப்பட்டது. பண்டத்துக்கென வெட்டப்பட்ட பாதையில், பண்டத்துக்கென அமைந்த பெட்டியில், அதனினும் உயர்ந்த புவியீர்ப்பு மையத்தோடு மனிதர் ஏற்றப்பட்டபோது அதற்கான கணக்கு எவராலும் போடப்படவில்லை.

பெட்டி கவிழ்ந்து உயிர்கள் போனபின் அதனை விதி என்று கூறி ஆறுதல் பெறும் வழக்கம் லயங்களில் உண்டு. அது விதியே, ஆயின் தலையெழுத்தாகிய விதியன்று, முன்கூட்டியே கணக்கிடத்தக்க இயற்பியல் விதி. நிற்பவரை அமர்த்துவதாலேயே ஆறு பாகை மீளப்பெறலாம் என்பதை மேற்காட்டிய கணக்கு உணர்த்தும். தட்டைத் தாழ்த்துதல், இருக்கை அமைத்தல், கிளைப்பாதையின் வெளிவிளிம்பைக் கல்லால் கட்டுதல், குழியை நிரப்புதல் ஆகியன பெருஞ்செலவை வேண்டி நிற்பனவல்ல. கொழுந்து சேதமின்றி ஆலையை அடைவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கம்பி கட்டிய மலையில், அதனைப் பறிப்போர் சேதமின்றி வீடு திரும்புவதற்கான கணக்கு இன்னும் போடப்படவேண்டியதாகவே உள்ளது. அக்கணக்கைப் போடும் பொறுப்பு தோட்ட நிருவாகங்களுக்கும் வீதிக்குப் பொறுப்பான அரச நிறுவனங்களுக்கும் உரியது. அதனை வரலாற்றின் துணையோடு எடுத்துரைக்கும் கடமை மலையகத்தைப் பயிலும் மாணவர்க்கும் உண்டு.